சுட்டுச்சொல்லும் நூற்பதிவும்: வெற்றுரைக் கோப்புகளில் சான்று காட்டும் முறையின் வரலாறு

பிறர் கூற்று ஒன்றினைத் தம் எழுத்தில் எடுத்தாளும் ஆசிரியர், அக்கூற்று எந்நூலில் எவ்விடத்து உள்ளது என்பதனையும் உடன் காட்டுதல் ஆராய்ச்சியாளர்தம் கடன். அங்ஙனம் காட்டும் குறிப்பு இரு கூறுகளை உடையது. கட்டுரையின் ஓட்டத்திடையே நின்று நூலைச் சுட்டும் சிறு குறி ஒன்று. ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பு, ஆண்டு முதலியவற்றைக் கூறும் முழுப்பதிவு மற்றொன்று. அச்சிட்ட நூலில் இவ்விரண்டும் ஒரே அட்டைக்குள் அடங்கிக் கிடத்தலின், இவற்றைத் தனித்தனியே எண்ணிப் பார்க்கும் தேவை பெரிதும் நேர்ந்ததில்லை. கணிப்பொறியில் கட்டுரை எழுதும் வழக்கம் தோன்றிய பின்னரோ, குறி ஒரு கோப்பிலும் பதிவு மற்றொரு கோப்பிலுமாக இவை பிரிந்தன. அப்பிரிவு எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் விளைந்த நன்மை யாது, தமிழ் நூல்களைச் சான்று காட்டுவோர்க்கு அதனால் நேரும் இடர் யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

வெற்றுரை என்பது எழுத்தும் எண்ணும் நிறுத்தக்குறிகளும் அன்றிப் பிறிதொன்றும் இல்லாத கோப்பு. தடித்த எழுத்து, சாய்வெழுத்து, பெரிய எழுத்து என்னும் தோற்ற வேறுபாடுகள் அதன்கண் இல்லை. இது தலைப்பு, இஃது அடிக்குறிப்பு என உணர்த்த வேண்டின், அதற்கென வகுத்த குறிகளை எழுத்தாகவே இடையிடையே இடுதல் வேண்டும். அக்குறிகளின் தொகுதியைக் குறியிடுமொழி என்பர். அவ்வாறு எழுதிய கோப்பினை ஒரு நிரல் படித்து அச்சிற்குரிய வடிவமாக மாற்றித் தரும். நூலைச் சுட்டுதற்கு ஆசிரியர் இடும் அடையாளச் சொல்லைச் சுட்டுச்சொல் என்றும், நூலைப் பற்றிய முழு விவரத்தை நூற்பதிவு என்றும் இக்கட்டுரை முழுதும் வழங்குவோம்.

லெஸ்க் வகுத்த வழி

மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரோம் சால்ட்சர் 1964ஆம் ஆண்டில் இயற்றிய 'ரன்னாஃப்' என்னும் நிரல், வெற்றுரையை அச்சு வடிவிற்கு மாற்றிய முன்னோடி நிரல்களுள் ஒன்று. வரியின் முதலில் ஒரு புள்ளி இட்டு அதனையடுத்து ஏவற்சொல் எழுதுதல் அதன் முறை. இம்முறையைப் பின்பற்றி, அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜோ ஒசான்னா 'டிராஃப்' என்னும் அச்சுக்கோப்பு நிரலை 1970களில் அமைத்தார். பத்தி, பக்க எண், எழுத்தின் அளவு ஆகியவற்றையெல்லாம் இவை செம்மையுறச் செய்தன. நூற்சான்று பற்றி ஒன்றும் அறியா. சான்றுகளை ஆசிரியரே கையால் எழுதி எண்ணிட்டு வந்தனர். கட்டுரையின் நடுவே புதிதாக ஒரு சான்று சேர்ப்பின் அதன்பின் வரும் எண்கள் யாவும் மாறும். தட்டச்சில் ஆய்வேடு எழுதிய எவரும் இத்தொல்லையை நன்கு அறிவர்.

இதனைத் தீர்க்க முற்பட்டவர் அதே ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த மைக் லெஸ்க். டிராஃபில் அட்டவணை அமைக்கும் நிரலை இயற்றியவரும் இவரே. 1978ஆம் ஆண்டில் இவர் வெளிப்படுத்திய 'ரெஃபர்' என்னும் நிரல் புதுமையான ஒரு கருத்தினை அடிப்படையாக உடையது. நூற்பதிவுகள் யாவும் ஒரு தனிக் கோப்பில் தொகுக்கப்பெறும். ஒவ்வொரு பதிவிலும் நூறுவிழுக்காட்டுக் குறியை அடுத்து ஓரெழுத்து நிற்கும். ஆசிரியர்க்கு ஓர் எழுத்து, தலைப்பிற்கு ஓர் எழுத்து, இதழுக்கு ஓர் எழுத்து, ஆண்டிற்கு ஓர் எழுத்து என்பது வரிசை. கட்டுரை எழுதுவோர் புள்ளியும் திறந்த சதுர அடைப்பும் இட்டு, தமக்கு நினைவில் உள்ள சில சொற்களை எழுதி, மீண்டும் புள்ளியும் மூடிய அடைப்பும் இட்டு முடிப்பர். ஆசிரியர் பெயர் ஒன்று, தலைப்பில் உள்ள ஒரு சொல், ஒருகால் ஆண்டு: இவ்வளவே போதும். நிரல் அச்சொற்களைத் தொகுதியில் தேடி, அவை அனைத்தும் பொருந்தும் பதிவைக் கண்டு, எண் இட்டு, இறுதியில் பட்டியலும் அமைத்துவிடும்.

நூலக வேலையாளிடம் சென்று, 'இன்னார் எழுதியது, இதனைப் பற்றியது' எனக் கூறி நூல் பெறுவது போன்றதே இது. மனிதரின் இயல்புக்கு இதனினும் ஒத்த முறை பின்னர் வந்தது எனக் கூறுதற்கில்லை. ஆயினும் இதன்கண் ஒரு குறை உளது. நினைவிலுள்ள சொற்கள் ஒரே பதிவோடு மட்டும் பொருந்துதல் வேண்டும். இரண்டோடு பொருந்தின் நிரல் மயங்கிப் பிழை கூறும். இன்று தொகுதியில் ஓர் ஆசிரியரின் நூல் ஒன்றே உள்ளது; அவர் பெயரும் ஒரு சொல்லும் போதும். நாளை அவருடைய மற்றொரு நூல் அத்தொகுதியிற் சேர்கிறது. அதன் தலைப்பிலும் அச்சொல் உள்ளது. உடனே, கட்டுரையில் ஓரெழுத்தும் மாறாதிருக்கவும், நேற்றுச் சரியாக இருந்த சான்று இன்று பொருளற்றதாகிறது. சுட்டு என்பது எக்காலத்தும் ஒன்றனையே சுட்டல் வேண்டும். பிறவற்றின் வரவால் மாறுவது தேடலாகுமேயன்றிச் சுட்டாகாது. ரெஃபரின் வரலாற்றுச் சிறப்பு, பதிவைக் கட்டுரையினின்று பிரித்ததில் உளது. சுட்டினை அது தேடலாகவே விட்டுவிட்டது.

சுட்டுச்சொல்லின் தோற்றம்

இக்குறையை நீக்கிய முறை கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் உருவாகியது. அங்கு ஆய்வு மாணவராக இருந்த பிரையன் ரீட் இயற்றிய 'ஸ்கிரைப்' என்னும் முறை 1980ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வேடாக வெளிவந்தது. எழுதுவோர் கருத வேண்டுவது பொருளின் அமைப்பே. தோற்றத்தை வேறொரு கோப்பு முடிவு செய்யட்டும் என்பது அவர் கொள்கை. இதற்காக 1982ஆம் ஆண்டில் கணிப்பொறியாளர் சங்கத்தின் கிரேசு மர்ரே ஹாப்பர் பரிசும் அவருக்குக் கிடைத்தது. ஸ்கிரைப்பில் ஏவற்சொற்கள் யாவும் @ என்னும் குறியோடு தொடங்கும். நூற்பதிவு ஒவ்வொன்றிற்கும் அதனைத் தொகுத்தவரே ஒரு பெயர் இடுவார். கட்டுரையில் அப்பெயரை எழுதினால் அப்பதிவே வரும், வேறொன்று வாராது. நூல் எத்தன்மையது, தனிநூலா, இதழ்க் கட்டுரையா, ஆய்வேடா என்பதும் பதிவின் தலையிலேயே கூறப்படும். இன்று நாம் சுட்டுச்சொல் என வழங்குவது அச்சு ஆவணத் துறையில் நிலைபெற்றது இதனாலேயே. ஸ்கிரைப் பின்னர் ஒரு வணிக நிறுவனத்திற்கு விற்கப்பட்டமையால் பல்கலைக்கழகங்களில் எங்கும் பரவவில்லை. அதன் கருத்தோ மற்றொரு வீட்டிற் புகுந்து வாழ்ந்தது.

அவ்வீடு டெக். டொனால்டு கனூத் தம் பெருநூலின் இரண்டாம் தொகுதிக்கு 1977ஆம் ஆண்டில் வந்த மெய்ப்பினைக் கண்டு, அச்சின் தரம் தாழ்ந்தமைக்கு வருந்தி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தாமே ஓர் அச்சுக்கோப்பு முறையை ஆக்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களின் முற்பகுதியில் லேட்டெக் என்பதனை அமைத்தார். லேட்டெக்கிற்குத் துணையாக, 1985ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஓரன் படாஷ்னிக் ஆக்கியதே பிப்டெக். நூல்வகைகளின் பெயர்களையும், பதிவின் தலையில் @ குறி இடுதலையும் பிப்டெக் ஸ்கிரைப்பினின்றே பெற்றது.

பிப்டெக்கின் செயல்முறை ஈண்டு விரித்துரைத்தற்கு உரியது. பின்வந்தவை யாவும் இதனோடு ஒப்பிட்டே அறியப்படும். ஆசிரியர் கட்டுரையில் சுட்டுச்சொல்லை மட்டும் எழுதுகிறார். லேட்டெக் முதன்முறை ஓடும்பொழுது அச்சுட்டுச்சொற்களை ஒரு துணைக்கோப்பில் எழுதி வைக்கிறது. அவற்றின் பொருள் அதற்குத் தெரியாமையால் அச்சில் அவ்விடங்களில் தடித்த வினாக்குறி நிற்கிறது. பின்னர்ப் பிப்டெக் அத்துணைக்கோப்பைப் படித்து, நூற்றொகுதியினின்று வேண்டிய பதிவுகளை மட்டும் எடுத்து, நடைவிதிக் கோப்பு கூறும் முறைப்படி வரிசைப்படுத்திப் பட்டியலாக எழுதுகிறது. லேட்டெக் மீண்டும் இருமுறை ஓடியபின்னரே சுட்டும் பட்டியலும் ஒன்றோடொன்று பொருந்தும். இதழுக்கு இதழ் சான்று காட்டும் முறை வேறுபடினும் கட்டுரையில் கை வைக்க வேண்டுவதில்லை; நடைவிதிக் கோப்பை மாற்றினால் அமையும். அவ்விதிகளை எழுதும் மொழி, செயலைக் குறிக்கும் சொல்லை இறுதியில் வைப்பது. வினையை வாக்கியத்தின் முடிவில் வைத்துப் பழகிய தமிழர்க்கு அஃது எளிதாகத் தோன்றுதல் கூடும். ஆங்கிலேயரோ அதனை எழுத அஞ்சுகின்றனர்.

பிப்டெக் 1988ஆம் ஆண்டிலேயே 0.99 என்னும் பதிப்பெண்ணை எய்தியது. அதன்பின் அவ்வெண்ணோடு ஓரெழுத்துச் சேர்வதன்றி, 1.0 என்னும் முழுமையை அஃது எய்தவில்லை. முழுமை பெறாத அந்நிரலே கணிதம், இயற்பியல், கணிப்பொறியியல் ஆகிய துறைகளின் கட்டுரைகளைத் தலைமுறைக் காலமாகத் தாங்கி வருகிறது.

பெயர் என்னும் இடர்

சுட்டுச்சொல் எத்தகைய நூலையும் சுட்டும். அஃது ஒரு வெறும் பெயரே. நூற்பதிவு அங்ஙனம் அன்று. ஒரு நூலை எக்கூறுகளாகப் பகுத்து எழுதலாம் என்பதனைப் பதிவின் அமைப்பே முன்கூட்டி முடிவு செய்கிறது. அம்முடிவில் அதனை ஆக்கியோரின் நாட்டு வழக்கம் உறைந்துள்ளது. பிப்டெக்கை ஆராயும் தமிழாசிரியர் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் இதுவே.

மக்கட்பெயரைப் பிப்டெக் நான்கு கூறாகப் பகுக்கிறது: முற்பெயர், இடைச்சொல், குடிப்பெயர், பின்னொட்டு. காற்புள்ளி இல்லாத பெயரில் இறுதிச் சொல் குடிப்பெயர் எனக் கொள்ளப்படும். சிறிய எழுத்தில் தொடங்கும் சொல் இடைச்சொல். செருமானியர் பெயர்களில் வரும் 'ஃபான்' போன்றன இதற்குக் காட்டு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடே இல்லாத தமிழில் இவ்விதிக்கு இடமில்லை. ஆசிரியர் இருவராயின், அவர்தம் பெயர்களுக்கு இடையே 'அண்ட்' என்னும் ஆங்கில இணைப்புச் சொல்லை எழுதுதல் வேண்டும். பெயர்கள் தமிழில் இருப்பினும் இச்சொல் ஆங்கிலத்திலேயே நிற்கும். இவை சிறு தொல்லைகள். பெரிய இடர் இறுதிச்சொல் விதியில் உள்ளது.

சி. வை. தாமோதரம் பிள்ளை 1887ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்தார். அவர் பெயரை இங்ஙனம் இடம்விட்டு எழுதினால், 'பிள்ளை' என்பது குடிப்பெயராகவும் எஞ்சியன முற்பெயராகவும் கொள்ளப்படும். பட்டியலில் அவர் தகரத்தின்கீழ் வாரார், பகரத்தின்கீழ் வருவார். மனோன்மணீயம் இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளையும் அவ்விடத்தே வருவார். சங்க இலக்கியத்தை 1940ஆம் ஆண்டில் சமாசப் பதிப்பாக வெளியிடப் பணிபுரிந்த எஸ். வையாபுரிப் பிள்ளையும் அவ்விடத்தே வருவார். மூவரும் ஒரு குடும்பத்தினர் எனப் பட்டியலைக் காணும் பிறநாட்டார் எண்ணினால் அவரைக் குறைகூறல் ஆகாது. தாமோதரம்பிள்ளை எனச் சேர்த்து எழுதின் இவ்விடர் நீங்கும். ஆனால் ஒரு நூலில் சேர்த்தும் ஒரு நூலில் பிரித்தும் எழுதின், ஒருவரே பட்டியலில் இருவராகிவிடுவர்.

முற்பெயர் எனக் கொள்ளப்படுவதன் நிலையும் ஆராய்தற்குரியது. உ. வே. சாமிநாதையர் என்னும் பெயரில் உகரம் உத்தமதானபுரம் என்னும் ஊரைக் குறிக்கும். 'வே' என்பது தந்தையார் வேங்கடசுப்பையரைக் குறிக்கும். அவருக்கு வழங்கிய பெயர் சாமிநாதன் என்பதே. பிப்டெக்கின் கணக்கிலோ ஊரும் தந்தையும் அவர்தம் முற்பெயராகவும், வழங்கிய பெயர் குடிப்பெயராகவும் மாறி நிற்கின்றன. இம்மாற்றத்தால் பட்டியல் கெடவில்லை. சாமிநாதையர் சகரத்தின்கீழேயே வருகிறார். விதி பொருந்தாமலே விளைவு பொருந்திவிட்டது. இத்தகைய தற்செயலான பொருத்தமே, இடரைப் பலர் உணராமைக்குக் காரணம் எனலாம்.

எழுத்தைப் பற்றியதும் ஒன்றுண்டு. பிப்டெக் தோன்றிய காலத்தில் ஓரெழுத்து என்பது கணிப்பொறியில் ஒரு பைட்டு அளவினது. ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றது. ஆயினும் இன்று பெருவழக்காயுள்ள சேமிப்பு முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். பிப்டெக் அதனை மூன்று எழுத்தாக எண்ணும். ஆசிரியர் பெயரின் முதல் மூன்றெழுத்தும் ஆண்டின் ஈரிலக்கமும் சேர்த்துச் சுட்டு அமைக்கும் நடைவிதி ஒன்று அதன்கண் உண்டு. அதன்படி 'பிள்ளை' 1887 என்பது இகரக் குறியும் இழந்து, 'ப87' என நிற்கும். முற்பெயரைச் சுருக்கி முதலெழுத்து மட்டும் இடும் நடைவிதியிலோ, அம்முதலெழுத்து ஒரு தமிழ்க்குறியின் மூன்றில் ஒரு பகுதியே ஆகும். அதனை எவ்வச்சிலும் காட்டல் இயலாது. தமிழில் தலைப்பெழுத்து என்பது உயிர்மெய் முழுவதும் ஆதலையும் நினைத்தல் வேண்டும். தாமோதரன் 'தா.' ஆவாரேயன்றித் 'த.' ஆகார்.

அகரவரிசையும் இங்ஙனமே. ஒருங்குறியின் எண்வரிசையில் றன்னகரம் தந்நகரத்தை அடுத்து நிற்கிறது. நம் மரபிலோ அது மெய்களின் இறுதியில் வரும். ஆகவே கந்தசாமி, கபிலர், கனகசபை என வரவேண்டிய பெயர்கள், எண்வரிசையை மட்டும் நோக்கும் நிரலில் கந்தசாமி, கனகசபை, கபிலர் என வரும். நூறு பெயருள்ள பட்டியலில் ஒரு நூலைத் தேடுவோர், உரிய இடத்தில் அதனைக் காணாமையால் அஃது இல்லை எனவே முடிவு செய்தல் கூடும்.

உரையாசிரியர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பிப்டெக்கின் இயல்பான நடைவிதிகளில் நூலாசிரியர்க்கும் பதிப்பாசிரியர்க்கும் மட்டுமே இடமுண்டு. மொழிபெயர்ப்பாசிரியர்க்கும் அதில் இடமில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு தாமோதரம் பிள்ளை 1885ஆம் ஆண்டில் வெளியிட்டார். இந்நூற்கு மூவர் உரியர். நூலாசிரியராகத் தொல்காப்பியரும் பதிப்பாசிரியராகத் தாமோதரம் பிள்ளையும் இடம்பெற்றபின், நச்சினார்க்கினியர் பொதுக்குறிப்பு எழுதும் இடத்திற்கே செல்ல வேண்டும். இளம்பூரணர் உரையா, நச்சினார்க்கினியர் உரையா என்னும் வேறுபாட்டில் ஒரு நூற்பாவின் பொருளே மாறும் நூலுக்கு இஃது எவ்வளவு பொருந்தாமை என்பதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இக்குறைகளுட் பல பின்னர் நீங்கின. ஃபிலிப் லேமன் 2006ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய பிப்லேட்டெக் என்னும் தொகுதியில் மொழிபெயர்ப்பாளர், உரையாசிரியர், குறிப்புரையாளர் ஆகியோர்க்குத் தனித்தனி இடங்கள் உள்ளன. அதற்குத் துணையாக ஃபிரான்சுவா சாரெட் தொடங்கி ஃபிலிப் கைம் வளர்த்த பைபர் என்னும் நிரல் ஒருங்குறியை அறியும். மொழிக்கு உரிய அகரவரிசையையும் ஏற்கும். பெயரைப் பகுக்கும் விதிக்கு மாற்று பழைய பிப்டெக்கிலேயே இருந்தது: பெயர் முழுவதையும் நெளிவடைப்பினுள் மேலும் ஒருமுறை அடைத்துவிட்டால், நிரல் அதனைப் பகுக்காமல் ஒரே சொல்லாகக் கொள்ளும். அங்ஙனம் அடைத்தபின் தாமோதரம் பிள்ளை பகரத்தின்கீழ்ச் செல்லார். தலைப்பெழுத்தாகிய சகரத்தின்கீழ் வருவார். அதனையும் விலக்க, வரிசைப்படுத்தற்கெனத் தனிப்பெயர் கொடுக்கும் இடம் பிப்லேட்டெக்கில் உண்டு.

மார்க்டவுனும் பான்டாக்கும்

மேற்கூறிய முறைகள் யாவும் குறிகள் மிகுந்தவை. ஏவற்சொற்களின் காட்டினுள் கட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. 2004ஆம் ஆண்டில் ஜான் குரூபர், ஏரன் சுவார்ட்சின் துணையோடு, மார்க்டவுன் என்னும் குறியிடுமொழியை வெளியிட்டார். அச்சு வடிவிற்கு மாற்றாமல் வெற்றுரையாகவே படிப்பினும் கட்டுரை இடர்ப்பாடின்றி விளங்க வேண்டும் என்பது அதன் தலையாய கொள்கை. இக்கொள்கை எளிமையை நாடியது. எளிமை வேண்டிப் பலவற்றை விலக்கியது. குரூபரின் மொழியில் அடிக்குறிப்பே இல்லை. நூற்சான்றுக்கு இடம் ஏது? அதற்குச் சில ஆண்டுகட்கு முன்னரே டேவிட் குட்ஜர் அமைத்த 'ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட்' என்னும் மொழியில் சான்றுக்குக் குறி இருந்தது. ஆனால் அது, கட்டுரையின் இறுதியில் ஆசிரியரே முழுதும் எழுதிவைத்த பதிவைச் சுட்டும் அளவினதே.

மார்க்டவுனுக்கு நூற்சான்று வழங்கியவர்களுள் முதன்மையாகக் கூறத்தக்கவர் ஜான் மெக்ஃபார்லேன். இவர் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மெய்ப்பொருளியற் பேராசிரியர். ஒரு குறியிடுமொழியில் எழுதியதனைப் பிறவற்றிற்கு மாற்றும் பான்டாக் என்னும் நிரலை 2006ஆம் ஆண்டில் இவர் வெளியிட்டார். மனிதவியல் துறையினர் ஒருவர் ஆக்கியமையால், அத்துறையாளர் வேண்டுவன அதன்கண் இடம்பெற்றன. ஆந்திரேயா ரொசாட்டோ இயற்றிய துணைநிரலைக் கொண்டு, 2011ஆம் ஆண்டில் வந்த பதிப்பில் சான்று எழுதும் முறை விரிவாக வகுக்கப்பெற்றது.

அம்முறை வருமாறு: சதுர அடைப்பினுள் @ குறி இட்டு அதனை ஒட்டிச் சுட்டுச்சொல் எழுதுக. அதன் முன்னர்க் 'காண்க' என்பது போன்ற சொல் வரலாம். பின்னர்க் காற்புள்ளி இட்டுப் பக்கமோ இயலோ எண்ணோ எழுதலாம். ஒரே அடைப்பினுள் பல நூல்களை அரைப்புள்ளியால் பிரித்து எழுதலாம். அடைப்பின்றி எழுதின் ஆசிரியர் பெயர் வாக்கியத்தின் உறுப்பாக வரும். @ குறியின்முன் ஒரு சிறு கோடு இட்டால் ஆசிரியர் பெயர் மறைந்து ஆண்டு மட்டும் நிற்கும். பெயரை ஏற்கெனவே வாக்கியத்தில் கூறிவிட்ட இடத்திற்கு இது. சுட்டுச்சொல்லில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் அமைத்துக்கொண்டால், வெற்றுரையைப் படிப்போரும் யாருடைய எந்நூல் என்பதனை ஓரளவு உணர்வர்.

இடச்சுட்டு எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. லேட்டெக்கிலும் பக்க எண் எழுத இடம் உண்டு. எனினும் அடிப்படை லேட்டெக்கிற்கு அது வெறும் எழுத்துத் தொடர். பான்டாக்கோ அது பக்கமா, இயலா, அடியா, செய்யுளா என்பதனைப் பிரித்தறிய முயல்கிறது. புரூசு டார்கசு என்னும் நிலவியற் பேராசிரியர் தொடங்கி வளர்த்த, சான்று நடைகளுக்கான பொதுமொழியே இதற்கு அடிப்படை. சொட்டேரோ என்னும் நூற்றொகுப்பு மென்பொருளும் அதனையே கொள்கிறது. அதன் இடச்சுட்டு வகைகளுள் அடி, செய்யுள் என்பன உள. குறுந்தொகையைப் பக்கத்தாற் சுட்டுவோர் நம்மிடை எவருமிலர். பாட்டெண்ணாற் சுட்டுவர், நெடும்பாட்டாயின் அடியெண்ணாற் சுட்டுவர். பதிப்பு மாறினும் பாட்டெண் பெரும்பாலும் மாறாது. அப்பொதுமொழியில் மக்கட்பெயரைப் பகுக்காமல் அவ்வாறே வைத்தற்கும் வழி உண்டு. ஆண்டையும் எண்ணாக அன்றிச் சொல்லாக எழுதலாம். பழைய தமிழ் நூல்களின் முகப்பில் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் நிற்பதனை அறிந்தோர்க்கு இதன் பயன் விளங்கும். விரோதி, விகிர்தி என்பன அறுபதாண்டிற்கு ஒருமுறை மீளும் பெயர்கள். அவற்றை ஆங்கில ஆண்டாக மாற்றி எழுதுவது ஆய்வாளரின் துணிபு. முகப்பில் உள்ளவாறு எழுதுவதே சான்று. ஈமாக்சு எழுதுகருவியில் வழங்கும் ஆர்கு என்னும் குறியிடுமொழியும் 2021ஆம் ஆண்டின் பதிப்பில் இவ்வாறே @ குறியோடு கூடிய சான்றுமுறையைத் தன் இலக்கணத்துள் சேர்த்துக்கொண்டது.

பதிவு பிரிந்த சுட்டு

நம் பழைய உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டிய முறையை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் ஓரடியோ ஈரடியோ கூறி, 'என வரும்' எனவோ, 'என்றாற்போல' எனவோ முடித்துச் செல்வர். நூற்பெயர் பலவிடத்தும் இல்லை. அவர்கள் அடியே சுட்டுச்சொல். நூற்பதிவு கற்போர் நெஞ்சில் இருந்தது. நூல்களை நெட்டுருச் செய்தோர்க்கு அதுவே போதுமானது. அம்மரபு தளர்ந்தபொழுது சுட்டு நின்றது, பதிவு போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பதிப்பாசிரியர்கள் ஏடு ஏடாகத் தேடி ஒவ்வோர் அடிக்கும் இடம் காணப் பட்ட பாடு அளவிறந்தது. இடம் காணப்படாதன விளங்கா மேற்கோள் எனத் தனியே நின்றன. பெயர் கூறிக் காட்டியவை மட்டும் தம் நூல் அழிந்தபின்னும் அதன் பெயரையாவது காத்தன; தகடூர் யாத்திரை என்றொரு நூல் இருந்ததனை நாம் அறிவது உரைகளாலும் புறத்திரட்டாலுமே. மயிலை சீனி. வேங்கடசாமி 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட மறைந்துபோன தமிழ் நூல்கள் என்னும் நூல் இத்தகைய எச்சங்களைத் தொகுத்தது.

கணிப்பொறிக் கோப்பிற்கும் இந்நிலை நேர்கிறது. கட்டுரைக் கோப்பு ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குச் செல்கிறது. நூற்றொகுதிக் கோப்பு உடன் செல்லவில்லை. ஒரு தொகுதியையே தம் எல்லாக் கட்டுரைகட்கும் பொதுவாக வைத்திருப்போர் இத்தவற்றிற்கு மிகவும் உள்ளாவர். அது கட்டுரையோடு ஒரே இடத்தில் இராமையே காரணம். சில ஆண்டு கழித்துத் திறப்போர் காண்பது @ குறியும் ஒரு சொல்லும். அச்சொல் ஆசிரியர் பெயரும் ஆண்டுமாயின் நூலகத்தில் தேடியேனும் அறியலாம். வெறும் எண்ணாயின், அது விளங்கா மேற்கோளே. ஆதலின், சுட்டுச்சொல்லை மனிதர் படிக்கத்தக்கதாக அமைத்தலை வெறும் வசதி எனக் கருதல் ஆகாது. பதிவு தொலைந்த காலத்தும் சான்றின் எச்சம் நிற்பதற்கு அதுவே வழி. அன்றியும், ஒருமுறை இட்ட சுட்டுச்சொல்லைப் பின்னர் மாற்றலாகாது. நூலின் ஆண்டு 1885 அன்று, 1887 எனப் பின்னர்த் தெரியினும் பதிவில் உள்ள ஆண்டைத் திருத்துக. சுட்டுச்சொல் பழைய எண்ணோடே நிற்கட்டும். அஃது ஒரு பெயர். வரலாற்றுக் கூற்று அன்று. கறுப்பன் எனப் பெயரிட்ட மகன் சிவந்திருப்பின் நாம் பெயரை மாற்றுவதில்லை.

பிரிந்ததனை மீண்டும் சேர்த்து வைத்தற்கும் வழிகள் உள. லேட்டெக்கில், துணைக்கோப்பின் உள்ளடக்கத்தைக் கட்டுரைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதி வைத்து, நிரல் ஓடும்பொழுது தனிக்கோப்பாகப் பிரித்தெடுக்கும் ஓர் அமைப்பு உண்டு. பான்டாக்கில் கட்டுரையின் தலைக்குறிப்பிலேயே நூற்பதிவுகளை எழுதலாம். அப்பொழுது வேறு கோப்பே வேண்டுவதில்லை. பத்து அல்லது இருபது நூல்களைச் சுட்டும் இதழ்க் கட்டுரைக்கு இம்முறை முற்றும் ஏற்றது. முந்நூறு நூல்களைச் சுட்டும் ஆய்வேட்டிற்கு அது பெருஞ்சுமையாகும். அத்தகையோர் பொதுத்தொகுதியினின்று அவ்வாய்வேடு சுட்டும் பதிவுகளை மட்டும் தனியே எடுத்து, ஆய்வேட்டுக் கோப்பின் பக்கத்திலேயே ஒரு சிறு கோப்பாக வைத்துச் சேர்த்து அனுப்புவர். அவ்வாறு பிரித்தெடுக்கும் வேலையைப் பைபர் நிரலே செய்து தரும்.